வேன் கூரையில் சோலார்: கன்ட்ரோலரை மாற்றினால் கரண்ட் கூடுமா?

மார்ச் 2, இரவு 9:15 (கேள்வி)

வேனிலேயே தங்கிச் சுற்றுகிறோம். கூரையில் 100 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு பிடபிள்யூஎம் (PWM) கன்ட்ரோலர். வெயிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் நிறுத்தினால் மூன்றாம் நாள் காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. அதற்குப் பதில் எம்பிபிடி (MPPT) வகைக் கன்ட்ரோலர் போட்டால் 30 சதவீதம் கூடுதலாக வரும் என்கிறார்கள். அதை மாற்றுவதா, பேனலைக் கூட்டுவதா?

மார்ச் 2, இரவு 10:05 (பதில்)

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வேனில் கரண்ட் தின்னும் ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதி இங்கே போடுங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து. முக்கியமாக, அதை எப்போது அணைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மார்ச் 3, காலை 7:40

பட்டியலைப் பார்த்தேன். கூட்டிக் காட்டுகிறேன்.

ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட். கம்ப்ரெசர் விட்டு விட்டு ஓடுவதால் நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் 450 வாட் மணி. கூரை ஃபேன் 25 வாட், எட்டு மணி நேரம், 200. லேப்டாப் 60 வாட், மூன்று மணி நேரம், 180. விளக்கு, போன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்தே 80தான். மொத்தம் 910.

இன்வெர்ட்டரை அணைப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது சும்மா இருக்கும்போதே 10 வாட் இழுக்கிறது. 24 மணி நேரத்துக்கு 240. லேப்டாப்பை மூன்று மணி நேரம் சார்ஜ் போடுவதற்காக லேப்டாப்பை விட அதிகமாக இன்வெர்ட்டரே தின்கிறது. ஆக 1,150.

வரவு எவ்வளவு? 200 வாட் பேனல், கூரையில் படுத்த மாதிரி வைத்தது. நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமாக ஐந்து மணி நேரம் கிடைத்தால், சூடு, தூசு, ஒயர் எல்லாவற்றுக்கும் கழித்து ஏறக்குறைய 700 வாட் மணி. தினமும் 450 துண்டு விழுகிறது. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அதில் 12 பெருக்கல் 100, 1,200 வாட் மணி இருக்கும். இரண்டு நாளில் 900 போய்விட்டால் மூன்றாம் நாள் காலையில் ஃபிரிட்ஜ் நிற்கத்தான் செய்யும். கோளாறு எதுவும் இல்லை, கணக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

அதோடு லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நீங்கள் ஒவ்வொரு முறையும் கால்வாசி வரை இறக்குகிறீர்கள். இது எனக்கு ஃபிரிட்ஜ் நிற்பதை விடக் கவலையாக இருக்கிறது.

லேப்டாப்புக்கு 12 வோல்ட்டில் நேராகப் போடும் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். இன்வெர்ட்டரை அணையுங்கள். கன்ட்ரோலரை அப்புறம் பார்ப்போம்.

மார்ச் 3, காலை 8:20

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எம்பிபிடி 30 சதவீதம் கூட்டும் என்று அப்படியே நம்பினாலும் 700-க்கு 210 கூடும். இன்வெர்ட்டரை அணைத்தால் மிச்சம் 240. சுவிட்ச் கன்ட்ரோலரை முந்திவிட்டது.

மார்ச் 3, இரவு 11:10

அந்த 30 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100 வாட் பேனல் என்றால் வெயிலை மின்சாரமாக்கும் சிறு துண்டுகள், அதாவது செல், 36 இருக்கும். அதிகபட்ச வாட் கிடைக்கும் வோல்ட் 18 சொச்சம், ஆம்பியர் ஐந்தரை. இரண்டையும் பெருக்கினால் 100. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். பேனலை நேராக பேட்டரியோடு சேர்க்கும், நிரம்ப நிரம்ப விட்டு விட்டுத் துண்டிக்கும். சேர்ந்திருக்கும்போது பேனல், பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் 13 பெருக்கல் ஐந்தரை சொச்சம், 73 வாட். மிச்ச 27 வாட் யாருக்கும் கிடைப்பதில்லை.

எம்பிபிடி பேனலை அதன் 18 வோல்ட்டிலேயே நிறுத்திவைத்து, கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும். அதன் சொந்தச் செலவு நாலைந்து சதவீதம் போக 96 வாட், அதாவது 7.4 ஆம்பியர். 73 எங்கே, 96 எங்கே. 30 சதவீதம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

மார்ச் 5, மாலை 4:30

நேற்று முன்தினம் இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். கணக்கில் தப்பில்லை, ஆனால் அது லேபிளின் கணக்கு. லேபிளில் உள்ள எண்கள் எல்லாம் செல்லின் சூடு 25 டிகிரி, வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற நிலையில் அளந்தவை. வெயில் சுட்டெரிக்கும் கூரையில் எந்த செல் 25 டிகிரியில் இருக்கும்?

இன்று மதியம் ஒன்றரைக்கு ஏணி போட்டு ஏறி, பேனலின் அடியில் கையை விட்டு வெப்பமானியை ஒட்டினேன். 64 டிகிரி. அலுமினிய ஃபிரேமில் புறங்கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். செல் சூடேற ஏற வோல்ட் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். 25-க்கு மேல் 40 டிகிரி என்றால் 16 சதவீதம். 18.1 வோல்ட் 15.2 ஆகிவிட்டது. 100 வாட் பேனல் 84 வாட் பேனலாகிவிட்டது.

இப்போது மறுபடி ஒப்பிடுங்கள். எம்பிபிடி தன் செலவு போகக் கொடுப்பது 80 வாட். பிடபிள்யூஎம் 13.3 வோல்ட் பேட்டரிக்குக் கொடுப்பது 74 வாட். வித்தியாசம் எட்டு சதவீதம். பேட்டரி நிரம்பி 14.4 வோல்ட்டை நெருங்கும்போது அதுவும் இருக்காது.

குளிர்ந்த காலையில், பேட்டரி காய்ந்து கிடக்கும்போது அந்த 30 சதவீதம் உண்மை. உச்சி வெயிலில், அதுவும் 36 செல் பேனலில், உண்மையில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பேனலின் வோல்ட் இறங்கிவிட்டால் மாற்றுவதற்குக் கன்ட்ரோலரிடம் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் என் வேனில் இருப்பது எம்பிபிடிதான். இப்போது வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன். காரணம் வேறு, அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 5, இரவு 9:50

காரணம் இதுதான். எம்பிபிடி இருந்தால், அது தாங்கும் அளவுக்குள், பேட்டரியை விடக் கூடுதலான எந்த வோல்ட் பேனலும் போடலாம்.

வீட்டுக் கூரைக்குப் போடும் 60 செல் பேனலின் வேலை வோல்ட் 31, 32 இருக்கும். அதை பிடபிள்யூஎம்மில் சேர்த்தால் 13 வோல்ட்டுக்கு இறங்கி, 320 வாட் பேனல் 130 வாட்தான் தரும். எம்பிபிடியில் முழுதும் வரும். கூரையில் இடம் இருந்தால் இப்படி ஒரே பெரிய பேனல் போடுவது எனக்குப் பிடித்த வழி. இணைப்பு குறைவு, துளை குறைவு. ஆனால் அளவெடுத்துவிட்டு வாங்குங்கள். வேன் கூரையில் காற்றுப் போக்கி, ஃபேன், ஏசி எல்லாம் போக மிஞ்சுகிற இடம் எப்போதும் தப்பான வடிவத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, பேனல்களைத் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு இணைத்தால் வோல்ட் கூடி ஆம்பியர் குறையும். அதே ஒயரில் இழப்பு வெகுவாகக் குறையும். ஒயர் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒரு பேட்டரியே அதில் போயிற்று.

மார்ச் 6, காலை 6:55

அந்த பேட்டரியின் கதை.

முதல் வேனில் 100 வாட் பேனல் மூன்று. இணைப்பு வேலையைப் பணம் கொடுத்துச் செய்ய வைத்தேன். கன்ட்ரோலரைக் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று கதவோரம் மாட்டிக் கொடுத்தார்கள். பேட்டரி பின்பக்கம் இருக்கையின் அடியில். நடுவே மூன்று மீட்டர். போட்ட ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர்.

திரையில் தினமும் 14.4 வோல்ட் காட்டியது, பச்சை விளக்கு எரிந்தது. நானும் பேட்டரி நிரம்பிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் தாண்டியதும் இரவு பத்து மணிக்கே விளக்கு மங்க ஆரம்பித்தது. ஒரு மதியம் மல்டிமீட்டரை எடுத்து கன்ட்ரோலரின் முனையில் வைத்தேன். 14.4. அப்படியே போய் பேட்டரியின் முனையில் வைத்தேன். 13.7.

போக மூன்று, வர மூன்று, ஆறு மீட்டர் ஒயர். அந்தத் தடிமனில் மின்தடை மீட்டருக்கு 8 மில்லி ஓம். மொத்தம் 48. அதில் 15 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கன்ட்ரோலர் தன் காலடியில் இருக்கும் வோல்ட்டைத்தான் பார்க்கிறது. 14.4 வந்துவிட்டது என்று எண்ணிக் கையை இழுத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. பேட்டரியோ இன்னும் பசியோடு இருக்கிறது. பொழுது சாய்ந்துவிடும். மறுநாளும் இதே கதை. அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுவிட்டது.

அதன் பிறகு கன்ட்ரோலரை பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் கொண்டுவந்து 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். இப்போது இழப்பு 0.06 வோல்ட். கன்ட்ரோலரை வாங்கும்போது பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வாரம் யோசிக்கிறோம், எங்கே மாட்டுவது என்று ஐந்து நிமிடம் யோசிப்பதில்லை.

ஒரே எச்சரிக்கை. லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் மூடிய பெட்டிக்குள் கன்ட்ரோலரை வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். பக்கத்தில், ஆனால் வேறு அறையில், செங்குத்தாக, மேலும் கீழும் காற்றுப் போகும்படி மாட்டுங்கள்.

மார்ச் 8, இரவு 8:30

தொடரா, பக்க இணைப்பா (பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக)? இதில் இரண்டு பேர் மாறி மாறி எழுதியிருக்கிறீர்கள். "நிழல் வந்தால் பக்க இணைப்புதான் நல்லது" என்பது எல்லோரும் சொல்வது. நானும் பல நாள் அப்படித்தான் சொன்னேன். பரிசோதித்துப் பார்த்த பிறகு பாதிதான் சொல்கிறேன்.

என் கூரையில் ஃபேனின் மூடி திறந்தால் பிற்பகலில் உள்ளங்கை அளவு நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழும். அதே அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, வானம் துடைத்த மாதிரி இருந்த ஒரு நண்பகலில் ஒரே ஒரு செல்லை மூடினேன். இரண்டு 100 வாட் பேனல், எம்பிபிடி. அட்டை இல்லாமல் பேட்டரிக்கு 12 ஆம்பியர். பக்க இணைப்பில் அட்டையை வைத்ததும் ஆறுக்குக் கீழே விழுந்தது. தொடராக மாற்றி அதே செல்லை மூடினால் எட்டரைக்கு மேல் நின்றது.

ஏன் என்றால், 36 செல் பேனலில் பெரும்பாலும் இரண்டு பைபாஸ் டயோடு இருக்கும், ஒவ்வொன்றும் பாதிப் பேனலுக்கு. ஒரு செல் முழுதாக மறைந்தால் அந்தப் பாதியைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும். மிஞ்சும் பாதியின் வோல்ட் ஒன்பதுதான். பக்க இணைப்பில் ஒன்பது வோல்ட்டை வைத்து 13 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்ய முடியாது. ஆக அந்தப் பேனல் முழுதும் வீண். தொடரில் அந்த ஒன்பதும் மற்ற பேனலோடு கூடிவிடும், முக்கால் பங்கு கிடைக்கும்.

ஆனால் மரத்தடியில் நிறுத்தி, ஒரு பேனல் முழுவதும் இலை நிழலும் மற்றது வெயிலுமாக இருந்தால் பக்க இணைப்பே மேல். அப்போது வோல்ட் பெரிதாகக் குறையாது, ஆம்பியர்தான் குறையும். தொடரில் பலவீனமான பேனலின் ஆம்பியர்தான் எல்லோருக்கும். ஆக உங்கள் நிழல் எது என்று பாருங்கள். கம்பி, மூடி, ஆன்டெனா போல ஓரத்தில் விழும் கூர்மையான நிழலா, பரவலான நிழலா? அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

மார்ச் 9, காலை 10:15

சேர்க்க வேண்டியது ஒன்று. மேலே சொன்ன தொடர் விஷயம் எம்பிபிடிக்கு மட்டும். பிடபிள்யூஎம் வைத்துக்கொண்டு இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் ஒரு பேனலின் ஆம்பியர்தான் வரும், பாதி போய்விடும். தாங்கும் வோல்ட்டைத் தாண்டினால் கன்ட்ரோலரும் போய்விடும்.

மார்ச் 11, இரவு 10:40

மூன்று பேனலைத் தொடராக இணைத்து 75 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலரில் போடலாமா, ஒரு பேனலின் திறந்த வோல்ட் 22.3, மூன்று முறை 66.9தானே, இடம் இருக்கிறதே என்று கேட்டவருக்கு: வேண்டாம். நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

சூட்டில் வோல்ட் குறைகிறது அல்லவா, குளிரில் கூடும். எதுவும் இழுக்காதபோது இருக்கும் திறந்த வோல்ட்தான் இங்கே முக்கியம். அது ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம் மாறும். மைனஸ் 10 டிகிரியில் விடிகிறது என்று வையுங்கள். 25-லிருந்து 35 டிகிரி கீழே. பத்தரை சதவீதம் கூடும். 66.9 என்பது 73.9 ஆகிவிடும். இன்னும் ஐந்து டிகிரி இறங்கினால் 75-ஐத் தொட்டுவிடும். இரவெல்லாம் உறைந்து கிடந்த பேனலின் மேல் முதல் வெயில் விழும் அந்தச் சில நிமிடங்களில்தான் கன்ட்ரோலர் சாகும். மலைக்குப் போகவே மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. வேன் என்பதே போவதற்குத்தான்.

கன்ட்ரோலரின் மேல் 75/15, 100/30 என்று எழுதியிருப்பதில் முதல் எண் அது தாங்கும் பேனல் வோல்ட், இரண்டாவது எண் அது பேட்டரிக்குக் கொடுக்கும் ஆம்பியர். இரண்டாவது எண்ணைப் பேனல் தாண்டினால் நல்ல எம்பிபிடி தன் அளவோடு நிறுத்திக்கொள்ளும், மிச்சம் வீணாகும், அவ்வளவுதான். முதல் எண்ணைத் தாண்டினால் எரிந்துபோகும். அதனால் ஆம்பியரில் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்கலாம், வோல்ட்டில் கூடாது. மூன்று பேனல் தொடருக்கு 100 வோல்ட் வாங்குங்கள்.

ஆம்பியர் எவ்வளவு? 300 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 23. படுத்திருக்கும் பேனல் கோடையில் 240 வாட் கொடுத்தாலே நல்ல நாள், அது 18 ஆம்பியர். 20 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும். பின்னால் இன்னொரு பேனல் சேர்ப்பதாக இருந்தால் 30.

மார்ச் 14, பிற்பகல் 3:05

எடை குறைவான, கூரையோடு ஒட்டும் வளையும் பேனல் போடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. எடை குறைவு என்பது உண்மை. கண்ணாடிப் பேனல் 100 வாட்டுக்கு ஆறேழு கிலோ, வளையும் பேனல் இரண்டு கிலோ சொச்சம். கூரை வளைவாக இருந்தாலோ எடை தாங்காது என்றாலோ வேறு வழியில்லை.

என்னுடையதைக் கூரையோடு ஒட்டியிருந்தேன். அடியில் காற்றே போகாது, சூடு இறங்க வழியில்லை. இரண்டாவது கோடையில் மேலே பழுப்பாக ஒரு புள்ளி, நகத்தால் தொட்டால் பிளாஸ்டிக் உப்பியிருந்தது. அந்த இடத்தில் செல் கருகியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக 100 வாட் 40-க்கு வந்தது. ஒட்டியதைப் பிய்த்தெடுக்க ஒரு முழு நாள், கூடவே கூரையின் பெயின்ட்டும் வந்தது. இப்போது கண்ணாடிப் பேனல், அடியில் மூன்று விரல் இடைவெளி.

மார்ச் 14, இரவு 9:20

இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் இதை விட நல்ல பேனல் வருமே என்பவருக்கு. 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல் வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1958-இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் சோலார் செல்லோடு மேலே போனது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. சாதாரண சிலிக்கான் செல்லின் உச்சவரம்பு 29 சதவீதத்துக்குச் சற்று மேலே. ஒரு சதுர மீட்டர் கூரையில் இன்று 200 வாட் சொச்சம் வைக்கலாம். காத்திருந்தாலும் அதே சிலிக்கானில் 400 ஆகாது. அந்த இரண்டு வருடத்தையும் பயணத்தில் கழியுங்கள்.

மார்ச் 17, காலை 8:00

பேட்டரியை லித்தியமாக்கலாமா என்று கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். பேனலைத் தொடாமலே வரவு கூட இது ஒரு வழிதான். லெட் ஆசிட்டின் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். மதியம் இரண்டு மணிக்கு நல்ல வெயில் இருக்கும், பேட்டரி வாங்கிக்கொள்ளாது. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் கிட்டத்தட்ட நிரம்பும் வரை கொடுத்ததை எல்லாம் வாங்கும். பாதிக்குக் கீழே இறக்கினாலும் கெடாது.

ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும். லெட் ஆசிட்டுக்கு உள்ள ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் செய்வது), வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். லெட் ஆசிட்டுக்கோ அந்த வெப்பத் திருத்தம் அவசியம், 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 20, 30 மில்லிவோல்ட் வரை மாற வேண்டும்.

எது ஆனாலும் இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் தங்கள் வோல்ட்டை முடிவு செய்கின்றன.

மார்ச் 17, காலை 8:25

ஃபியூஸை மறந்துவிட்டேன். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி வேனின் உலோக பாடியில் பட்டால் நெருப்பைத் தடுப்பது அதுதான். பக்க இணைப்பில் மூன்று பேனல் வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். ஒன்றில் கோளாறு என்றால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் கரண்டைத் தள்ளும். இரண்டு பேனல் என்றால் பொதுவாகத் தேவையில்லை.

ஃபியூஸ் போட்ட பிறகும் முழு வெயிலில் கையால் தொட்டுப் பாருங்கள். சென்ற வருடம் என் ஃபியூஸ் ஹோல்டர் ஒரு பக்கம் மட்டும் சுட்டது. கழற்றினால் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக லக்கிலிருந்து ஒயர் இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. சரியான கிரிம்ப் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி வைத்திருந்தார்கள்.

மார்ச் 20, இரவு 9:00

குளிர்காலத்தில் வரவு குறையுமா என்று ஒருவர் கேட்டதற்கு. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரமே ஏறினால், படுத்திருக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் பாதிதான் கிடைக்கும். சூரியனை நோக்கிச் சாய்த்தால் முழுதும் கிடைக்கும். தினமும் கூரையேறிச் சாய்ப்பதும் கிளம்பும்போது மறக்காமல் படுக்க வைப்பதும் நடக்கிற காரியமில்லை என்று நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மடக்கும் பேனல் ஒன்றைப் பத்து மீட்டர் ஒயரோடு வைத்திருக்கிறேன். வேன் நிழலில், பேனல் வெயிலில். அதன் கன்ட்ரோலர் பேனலின் முதுகில் ஒட்டியபடி வந்தது. கழற்றி பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். காரணம் மார்ச் 6-இல் எழுதியதுதான்.

மார்ச் 26, காலை 7:10

கேள்வி கேட்டவரின் பதிலைப் படித்ததும் மனம் நிறைந்தது. இன்வெர்ட்டரை அணைத்து, லேப்டாப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றி, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போன மெல்லிய ஒயரைத் தடிமனாக்கியிருக்கிறார். கன்ட்ரோலர் அதே பழைய பிடபிள்யூஎம். மூன்றாம் நாளுக்குப் பதில் நான்காம் நாள் மாலை வரை தாங்கியதாம்.

இன்னும் துண்டு விழுகிறது. செலவு 910, வரவு 700. அதனால் மூன்றாவது பேனல் தேவைதான். 300 வாட் என்றால் 1,050 வரும், மேகமான நாளுக்குக் கொஞ்சம் கையிருப்பும் இருக்கும். மூன்று பேனலைத் தொடராக்க இப்போது எம்பிபிடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. 100 வோல்ட், 20 ஆம்பியர். மூன்றும் ஒரே மாதிரி ஆம்பியர் உள்ளதாக இருக்கட்டும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பேனலை ஃபேனுக்கும் ஏணிக்கும் நடுவில் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பேனல் அளவுக்கு ஓர் அட்டையைக் கல் வைத்து நிறுத்தி, காலை ஒன்பது, மதியம், மாலை நான்கு என்று மூன்று முறை மேலே ஏறிப் பாருங்கள். ஃபேன் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் கோடு போட்டு இங்கே சொல்லுங்கள். துளை போடுவதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.